கோட்டைச் சந்தையும் ஒரு பாவாடை தாவணியும்

கோடைகாலம் வந்துவிட்டால் ஜேர்மனியில் கோட்டை இருக்கிற ஊருக்கெல்லாம் ஒரு கிறுக்குப் பிடிக்கும். வங்கியில் வேலை செய்கிறவர் இரும்புச் சட்டை போட்டுக்கொண்டு குதிரையில் ஏறுவார். வரி அலுவலகத்துப் பெண் நீளப் பாவாடை கட்டி மண்குவளையில் தேன்மது ஊற்றி விற்பாள். தோற்பையை அக்குளுக்குள் இடுக்கி ஊதுகிற ஒரு குழலின் சத்தம் வாகனத் தரிப்பிடம் வரைக்கும் கேட்கும். இதற்கு மத்தியகாலச் சந்தை என்று பெயர். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வைக்கோலுக்கும் புகைக்கும் நடுவில் நின்றுவிட்டு, திங்கட்கிழமை எல்லாரும் ஒன்றும் நடக்காத மாதிரி வேலைக்குப் போய்விடுவார்கள்.

நாங்கள் கெல்சென்கிர்ச்சனில் இருக்கிறோம். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய, சுற்றிவர அகழி வெட்டிய ஒரு நீர்க்கோட்டையில் ஒவ்வொரு வருடமும் இந்தச் சந்தை போடுவார்கள். முதலில் போனது என் மகள்தான். ஆரம்பப் பள்ளியில் படித்தபோது கூடப்படித்த பிள்ளையின் தாய் கூட்டிக்கொண்டு போனார். மாலையில் உடம்பெல்லாம் விறகுப் புகை மணக்க, கையில் ஒரு மரவாளோடு வந்து நின்றாள். ஒரு மனிதர் கையாலேயே சுற்றுகிற மர ராட்டினத்தில் ஏறியதாகச் சொன்னாள். அடுத்த வருடம் எங்களையும் இழுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு நிற்கவில்லை.

எனக்கு முதலில் அந்த இடம் பிடிக்கவில்லை. கூடாரம் அடித்து, அதற்குள் வைக்கோலில் படுத்து, வெளியே மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"நாங்கள் இதுக்குள்ள கிடந்து போதும் போதும் எண்டுதான் இஞ்ச ஓடி வந்தனாங்கள். இவை காசு குடுத்துக் கூடாரத்துக்குள்ள படுக்கினம்," என்று கணவரிடம் சொன்னேன்.

அவருக்கோ முதல் நாளிலிருந்தே பிடித்துவிட்டது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. கோட்டை வாசலில் ஈட்டியோடு நிற்கிற ஆள், உள்ளே போகிற ஒவ்வொருவரையும் மறித்து, "எங்கிருந்து வருகிறீர், அந்நியரே?" என்று பழைய ஜேர்மனில் கேட்பார். இந்த நாட்டில் என் கணவர் அந்தக் கேள்விக்கு எத்தனை இடத்தில் பதில் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. களஞ்சியத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறார். புதிதாக வருகிற ஒவ்வொரு முகாமையாளரும் அதைத்தான் முதலில் கேட்பார். இங்கேயோ முன்னால் போன பொன்னிறத் தலைமுடிக் குடும்பத்தையும் அதே கேள்வி கேட்டார்கள். கணவர் நெஞ்சை நிமிர்த்தி, "கெல்சென்கிர்ச்சன்!" என்றார். வாசற்காவலர், "அவ்வளவு தொலைதூரத்திலிருந்தா!" என்று ஈட்டியை நிலத்தில் குத்தி வழிவிட்டார். கணவர் அன்று முழுக்கச் சிரித்த முகமாகத் திரிந்தார். இங்கே எல்லாரும் அந்நியர்தான், அதுதான் தனக்கு வசதி என்று வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்.

எனக்கும் மெல்ல மெல்லப் பழகிவிட்டது. நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். கால் ஓயாத வேலை. சந்தையில் ஒரு வண்டியில் விறகடுப்பு வைத்து, காளானும் சீஸும் உள்ளே வைத்த பாண் சுடச்சுடத் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு ஒரு வைக்கோல் கட்டின்மேல் காலை நீட்டி உட்கார்ந்து, வாள் சண்டை போடுகிறவர்களுக்கு மூச்சு வாங்குவதைப் பார்ப்பது ஒரு சுகம். வீட்டிலிருந்து கொண்டுபோகிற மட்டன் ரோல்ஸையும் விடுவதில்லை. கொல்லனின் பட்டறைக்குப் பின்னால் ஒளித்து நின்று சாப்பிடுவோம்.

மகள்தான் அங்கே முற்றிலும் வேறு பிள்ளையாகிவிடுவாள். வீட்டில் அவளுக்கு வருடம் முழுவதும் ஒரே கறுப்புத் தொப்பிச் சட்டைதான். ஒரு கலியாணவீட்டுக்குச் சட்டை போட வைப்பதற்கே நான் அரைநாள் சண்டை பிடிக்க வேண்டும். சந்தைக்கென்று மட்டும், சிநேகிதியின் தாயிடம் இருந்த தையல் மெஷினில் தானே ஒரு சணல் நூல் அங்கி தைத்தாள். இடுப்பில் தோல் பட்டி. தலையில் பூவளையம். அதை உடுத்தால் அவள் நடையே மாறும். முதுகை நிமிர்த்தி, தலையை மெல்லத் திருப்பிப் பார்ப்பாள். வடிவான பிள்ளை. என் மகளின் அழகை நான் ஆறுதலாகப் பார்த்தது அந்தச் சந்தையில்தான்.

போன குளிர்காலத்தில் அவள் பெரியபிள்ளையானாள். வீட்டுக்குள்ளேயே தலைக்குத் தண்ணீர் வார்த்து, உழுத்தங்களி கிண்டிக் கொடுத்து, செய்ய வேண்டியதைச் செய்தோம். ஆனால் பூப்பு நீராட்டு விழாவைச் சாமத்தியவீடு என்று ஊர் கூட்டிச் செய்வது பிறகுதான். எங்கள் ஆட்களிடையே பிள்ளை பெரியபிள்ளையாவது கடவுளின் கையில் இருக்கலாம். சாமத்தியவீடு மண்டபக்காரரின் கையில்தான் இருக்கிறது. கோடை விடுமுறையின் கடைசியில்தான் மண்டபம் கிடைத்தது.

இந்த நாட்டில் அந்தக் கொண்டாட்டத்தைக் காணாதவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். பிள்ளையை மணப்பெண் மாதிரி உடுத்திப் பல்லக்கில் கொண்டுவருவார்கள். மேடையில் சிம்மாசனம் இருக்கும். ஒரு சாமத்தியவீட்டில் மேடை நடுவே பெரிய தாமரை ஒன்று மெல்ல விரிந்து, பிள்ளை அதற்குள்ளிருந்து எழும்பி வருவதாக ஏற்பாடு. மோட்டர் பாதியில் நின்றுவிட்டது. தாய்மாமன் பட்டு வேட்டியோடு ஏறி, இதழ்களைக் கையால் இழுத்துத் திறந்துவிட்டார். நாங்கள் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தோம். ஆனாலும், அந்தப் பிள்ளை எழும்பி நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. என் பிள்ளையையும் அப்படிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருடமாக இருந்தது.

எனக்கு அது நடக்கவில்லை. நான் பெரியபிள்ளையான வருடம் ஊரில் சண்டை, நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். எனக்குக் கிடைக்காததை மகளுக்குச் செய்து பார்க்க ஆசைப்படுவது உலகத்தில் இல்லாத விடயமா? அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "இது கட்டாயமோ?" என்று ஒருமுறை கேட்டாள். "ஓம், கட்டாயம்," என்றேன். தோளைக் குலுக்கிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

படம் பிடிக்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மண்டபம், மேடை, வீடியோ எல்லாவற்றையும் அவர் மூலமாகவே ஒழுங்கு செய்துவிடலாம். அல்பத்துக்கு வெளிக்களப் படம் கட்டாயம் வேண்டும் என்றார். இப்போது எல்லாரும் பிள்ளையைக் கோட்டைக்கோ பூங்காவுக்கோ கூட்டிப்போய்ப் படமெடுத்து, அதை மண்டப வாசலில் பெரிதாக வைக்கிறார்களாம். ஆனால் கோட்டையில் எடுப்பதென்றால் விண்ணப்பம் போட்டு அனுமதி வாங்க வேண்டும் என்று இழுத்தார்.

எனக்கு உடனே மூளை வேலை செய்தது. நாங்கள் எப்படியும் சந்தைக்குப் போகத்தானே போகிறோம். கோட்டை, குதிரை, கொடி எல்லாம் அங்கே நிற்கும். எல்லாரும் வேஷத்தோடு திரிகிற இடத்தில் பாவாடை தாவணி உடுத்த ஒரு பிள்ளையை யார் கவனிக்கப் போகிறார்கள்? நுழைவுச்சீட்டுக் காசோடு காரியம் முடிந்துவிடும். தம்பி, "அக்கா, உங்களுக்கு நல்ல மூளை," என்றார். மகளிடம் முன்கூட்டியே சொன்னால் வரமாட்டாள் என்று தெரியும். அதனால் சொல்லவில்லை. ரோல்ஸ் பெட்டிக்குக் கீழே சிவப்புப் பாவாடை தாவணியையும் நகைப்பெட்டியையும் வைத்துப் பையைக் கட்டினேன்.

அன்று நல்ல வெயில். வாசற்காவலர் கேட்டார், கணவர் தன் பதிலைச் சொன்னார். மகள் அங்கியும் பூவளையமுமாக எங்களுக்கு முன்னால் நடந்தாள். பருந்துக் காட்சி தொடங்கப் போகிறது என்று பறையடித்தார்கள். கோட்டைப் புல்வெளியைச் சுற்றிச் சனம் வளைந்து நின்றது. தோலுடுப்புப் போட்ட பருந்துக்காரர், "மேன்மை தங்கிய பிரபுக்களே, பெருமாட்டிகளே," என்று இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தம்பி இரண்டு கமெராவோடு வந்து சேர்ந்தார்.

"அக்கா, வெளிச்சம் அந்த மாதிரி இருக்கு. பிள்ளையைக் கெதியா உடுப்பு மாத்தச் சொல்லுங்கோ. நான் ட்ரோனை ஒருக்கா ஏத்திப் பாக்கிறன்."

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பையைத் திறந்து பாவாடையை வெளியே எடுத்துவிட்டேன்.

"கொஞ்ச நேரம்தான் பிள்ளை. ரெண்டு மூண்டு படம். அங்கால ரொய்லெட் இருக்கு, மாத்திக்கொண்டு வா."

"இஞ்சையோ?"

"ஓம். இஞ்ச எல்லாரும் உடுத்துக்கொண்டுதானே நிக்கினம். ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

"எனக்கு ஏலாது."

சத்தமாகச் சொல்லவில்லை. முகம் மட்டும் சுருங்கியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் தலைக்கு மேலே ட்ரோன் கிளம்பிவிட்டது.

கோபுரத்திலிருந்து ஒரு கழுகு பறந்து வந்து பருந்துக்காரரின் கையில் இறங்க வேண்டும். கோபுரத்தை விட்டுக் கிளம்பவும் கிளம்பியது. நடுவானில் இந்த இரைச்சலைக் கேட்டுத் திரும்பி, எதிர்ப்பக்கத்துக் கூரை உச்சியில் போய்க் குந்திக்கொண்டது. பருந்துக்காரர் இறைச்சித் துண்டைக் காட்டிக் கூப்பிட்டார். அது அசையவில்லை. அவர் மேலே பார்த்தார்.

"அந்தச் சனியன் யாருடையது? உடனே இறக்கு! அனுமதி இருக்கா உன்னிடம்?" என்று சுத்தமான இன்றைய ஜேர்மனில் கத்தினார். மத்தியகாலம் அந்த நொடியோடு முடிந்தது.

தம்பி அவசரமாக ட்ரோனை இறக்கி, ஆயிரம் மன்னிப்புக் கேட்டார். சுற்றி நின்ற அத்தனை சனமும் எங்களைப் பார்த்தது. நான் ஒரு கையில் சிவப்புப் பட்டும் மறு கையில் திறந்த நகைப்பெட்டியுமாக நின்றேன். மகள் இருந்த இடத்தில் இல்லை. கணவர் அவளைத் தேடிக் குதிரைகள் நிற்கிற பக்கம் போனார்.

எனக்குப் பக்கத்தில் பச்சை நிற நீள அங்கி போட்ட ஒரு ஜேர்மன் பெண் நின்றார். என் வயதுதான் இருக்கும். நான் சங்கடப்பட்டு நிற்பதைப் பார்த்து, பேச்சுக் கொடுத்தார். பட்டை விரலால் தொட்டு, "எவ்வளவு அழகு! இது எதற்கு உடுத்துவது?" என்று கேட்டார்.

"ஒரு கொண்டாட்டத்துக்கு," என்றேன்.

"என்ன கொண்டாட்டம்?"

என் ஜேர்மன் அவ்வளவு மோசம் இல்லை. முதியோர் இல்லத்தில் மலம், மூத்திரம், மூலவியாதி என்று எல்லாவற்றையும் கூச்சப்படாமல் பேசுகிற வாய் இது. மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், அதைக் கொண்டாடுகிறோம் என்று சொல்வதற்கு எனக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் தெரியும். அந்தப் பெண்ணும் நல்ல முகத்தோடு காத்துக்கொண்டிருந்தார்.

"பிறந்தநாள்," என்றேன்.

"ஓ, உங்கள் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்," என்றுவிட்டு அவர் கூரையிலிருந்த கழுகைப் பார்க்கத் திரும்பினார்.

நான் ஏன் பொய் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு அழைப்பிதழ் அடித்துச் சொல்ல இருந்த விடயம் அது. பேரும் படமும் போட்டு, தங்க எழுத்தில். அதை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், அதுவும் ஒரு பெண்ணிடம், சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. விடயம் என்னுடையதுகூட இல்லை. பட்டை மடிக்காமலேயே பைக்குள் திணித்தேன்.

மகளை நான்தான் கண்டுபிடித்தேன். அம்பு எய்கிற இடத்தில் வில்லோடு நின்றாள். அழுதிருந்தாள் என்பது தெரிந்தது. ஒரு அம்பை விட்டாள். அது இலக்குக்குப் பக்கத்து வைக்கோலில் குத்தியது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்கள் ஏன் அந்த அண்ணாவை இஞ்ச வரச் சொன்னீங்கள்?" என்று கேட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வடிவா வரும் எண்டு நினைச்சன். உனக்கு இஞ்ச உடுக்கிறது விருப்பம்தானே? சணல் உடுப்பு உடுக்கிறாய், பட்டு உடுக்க மாட்டியோ?"

"அம்மா, உடுப்பு இல்லைப் பிரச்சினை." அடுத்த அம்பை எடுத்தாள். "இஞ்ச நான் ஏன் இப்பிடி உடுத்திருக்கிறன் எண்டு ஒருத்தரும் யோசிக்க மாட்டினம். அங்க மேடையில என்னைப் பாக்கிற எல்லாருக்கும் ஏன் எண்டு தெரியும். மாமாமாருக்குத் தெரியும். தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெடியங்களுக்குத் தெரியும். எல்லாரும் அதை நினைச்சுக்கொண்டு பாப்பினம்."

சற்று முன்னர்தான் பச்சை அங்கிக்காரியிடம் வெட்கப்பட்டுப் பொய் சொன்னவள் நான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. என்னிடம் மிஞ்சியிருந்தது ஒன்றுதான், அதை எடுத்தேன்.

"எனக்கு ஒண்டும் நடக்கேல்லை, பிள்ளை. ஒரு வகுப்பறைக்குள்ள எத்தினையோ குடும்பம். அம்மம்மா ரெண்டு மேசைக்கு நடுவில ஒரு சீலையைக் கட்டி, அதுக்குப் பின்னால என்னை இருத்தினவ. பக்கத்தில இருந்த ஆக்களுக்குக் காய்ச்சல் எண்டு சொன்னவ. விடிய முன்னம், ஒருத்தரும் எழும்ப முதல், கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தலைக்கு வார்த்தவ. அவ்வளவுதான். எனக்குத் தர ஒரு முட்டைக்குக்கூட வழியில்லை."

"பக்கத்தில இருந்த ஆக்களுக்குத் தெரியாதோ?"

"இல்லை. அம்மம்மா ஆரிட்டையும் சொல்லேல்லை."

அவள் அம்பை நாணில் வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"அம்மம்மா நல்லவ," என்றாள்.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் ஐயோ பாவம் என்றிருக்கிறார்கள். நானும் அதைப் பாவப்பட்ட கதையாகத்தான் சொல்லிவந்தேன். அன்றும் மகள் மனமிரங்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள்.

வில்லுக்காரர் அம்புகளைப் பொறுக்கிக்கொண்டு வருவதற்காக எல்லாரையும் நிற்கச் சொன்னார். அந்த நேரத்தில் எனக்குச் சீலைக்குப் பின்னால் இருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. வெளியே சிறுவர்கள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். சோற்றுக்கு வரிசையில் நிற்கிற ஆண்களின் குரல் கேட்கும். யாராவது அந்தச் சீலையை விலக்கிவிடுவார்களோ என்ற ஒரு பயம் மட்டும்தான் அப்போது எனக்கு இருந்தது. அம்மா சீலைக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம், "அவளுக்குக் காய்ச்சல், கிட்டப் போகாதேங்கோ," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாமத்தியவீடு நடக்கவில்லை என்ற கவலை எனக்கு வந்தது பிறகு, மற்றவர்களின் அல்பங்களைப் பார்க்கத் தொடங்கியபோதுதான்.

இதை நினைத்தவுடன் மனம் தெளிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாமல். அந்த மேடையில் என் பிள்ளையை ஒருமுறை பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"மண்டபம் வேண்டாம்," என்றேன்.

அவள் துள்ளிக் குதிக்கவில்லை. "உங்களுக்குக் கவலையோ?" என்று கேட்டாள்.

"ஓம். கவலைதான். பரவாயில்லை, அம்பை விடு."

கணவர் எங்களைக் கண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். பையை வாங்கி, ரோல்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு, மகளைக் கொல்லன் பட்டறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கழுகு இன்னும் கூரையில்தான் இருந்தது. பருந்துக்காரர் ஏணி தேடிக்கொண்டிருந்தார்.

தம்பி தரிப்பிடத்தில் ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையைச் சொறிந்தார்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. அடுத்த கிழமை வேற இடத்தில எடுப்பம். பூங்கா ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன்."

"வேண்டாம் தம்பி. மண்டபமும் வேண்டாம், மேடையும் வேண்டாம். எல்லாத்தையும் நிப்பாட்டும்."

அவர் நான் ட்ரோனுக்காகக் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மன்னிப்புக் கேட்டார். அதற்கில்லை என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. ஆசைப்பட்டு ஆசைப்பட்டு மேடையின் பூ நிறம் வரைக்கும் தேர்ந்தெடுத்தவள் நான்.

"மண்டபக்காரர் கேப்பார், அக்கா. மேடைக்காரரும் கேப்பார். நான் என்ன சொல்றது? பிள்ளைக்கு விருப்பமில்லையாம் எண்டு சொல்லவோ?"

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களின் நல்லது கெட்டதுக்கெல்லாம் கமெராவோடு போகிறவர். ஒரு வீட்டில் சொன்னால் மற்ற வீட்டுக்குப் போய்விடும். பிறகு தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் தாய்மார் அவளைப் பார்த்து, ஏன் பிள்ளை வேண்டாம் என்றாய் என்று கேட்பார்கள்.

"இல்லைத் தம்பி," என்றேன். "எனக்கு விருப்பமில்லையெண்டு சொல்லும்."